புள்ளிக் குதிரையின் மரபணுவைப் படிப்பது எப்படி? குமரி மாவட்டத்தில் குதிரை வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் குதிரைக்கு வேலை வருவதே பொழுது சாயும்போதுதான். சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டம் சேரும். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் பூட்டுவது இருட்டிய பிறகு. அதனால் இங்கே ஒருவர் புள்ளிக் குதிரை வாங்கவோ புள்ளிக் குட்டி எடுக்கவோ நினைத்தால், அழகைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இருட்டில் இந்தக் குதிரைக்குக் கண் தெரியுமா?

புள்ளியைத் தருகிற அதே மரபணு, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து இரட்டையாகச் சேர்ந்தால் பிறவியிலேயே மாலைக்கண்ணையும் தருகிறது. அப்படிப்பட்ட குதிரை பகலில் நன்றாக ஓடும், அந்தியில் தடுமாறும். அதைப் பிடிவாதக் குதிரை என்று எண்ணி அடிக்கிறவர்களும் உண்டு. அந்த அடி ஒரு குதிரைக்காவது மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எந்தப் புள்ளி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

மாட்டில் மயிலை, செவலை, காரி, மறை என்று நிறத்துக்கு நிறம் பெயர் வைத்த நாம், குதிரையில் வெள்ளை கலந்த எல்லாவற்றையும் ‘புள்ளி’ என்று சொல்லிவிடுகிறோம். மரபணுக் கணக்கு தப்பிப்போவது இந்த இடத்தில்தான். குறைந்தது மூன்று வகைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெரிய பெரிய வெள்ளைத் திட்டுகள். வட இந்திய வியாபாரிகள் அப்லக் என்பார்கள். மார்வாரி வழியில் வரும் குதிரைகளில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இது புள்ளி அல்ல, மறை. இதற்குப் பின்னால் இருப்பது வேறு மரபணுக்கள். படி 6-இல் வருகிறேன்.

இரண்டு, வயது ஏற ஏற வெளுக்கும் சாம்பல் குதிரை. இளவயதில் உடம்பெங்கும் வட்ட வட்டமாக நிழல் விழுந்ததுபோல் தெரியும். முழுக்க வெளுத்த பின் சிலவற்றில் பொடிப்பொடியாகச் செம்புள்ளி தெறிக்கும். பார்த்தவுடன் புள்ளிக் குதிரை என்றே தோன்றும், ஆனால் அதுவும் அல்ல.

மூன்றாவதுதான் நாம் தேடுவது: வெள்ளைத் தளத்தில் முட்டை முட்டையாகக் கரும்புள்ளியோ செம்புள்ளியோ கிடக்கும் சிறுத்தைப் புள்ளி வகை. அமெரிக்காவின் அப்பலூசா, டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப்பர், ஆஸ்திரியாவின் நோரிக்கர் ஆகிய இனங்களில் இது உண்டு. இதைத் தரும் மரபணு வடிவத்துக்கு ‘லெப்பர்டு காம்ப்ளெக்ஸ்’ என்று பெயர், சுருக்கமாக எல்பி.

படி 2: ரோமத்தை விட்டுவிட்டுத் தோலையும் குளம்பையும் பாருங்கள்

ரோமம் ஏமாற்றும். எல்பி உள்ள சில குதிரைகளில் ஒரு புள்ளிகூட இருக்காது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

காலை வெளிச்சத்தில் குதிரையை நிறுத்தி உதட்டோரத்தையும் மூக்குத் துவாரத்தின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். எல்பி இருந்தால் கறுப்புத் தோலும் இளஞ்சிவப்புத் தோலும் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கும். கண் இமையைச் சுற்றியும் வாலுக்கு அடியிலும் பிறப்புறுப்பிலும் இதே கலப்பு தெரியும். முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ள சாதாரணக் குதிரைக்கும் உதடு சிவந்திருக்கலாம். ஆனால் அது ஒரே துண்டாக இருக்கும், இப்படித் தெறித்திருக்காது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்தது குளம்பு. மேலிருந்து கீழாக வெளிர்கோடும் கருங்கோடும் மாறி மாறி ஓடும். இங்கே ஒரு எச்சரிக்கை: வெள்ளைக்கால் உள்ள எந்தக் குதிரைக்கும் அந்தக் காலின் குளம்பு வெளுத்தோ கோடு விழுந்தோ இருக்கலாம். ஆகவே வெள்ளையே இல்லாத காலைத் தேர்ந்தெடுத்து, அதன் குளம்பைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். அதில் கோடு இருந்தால்தான் அது சாட்சி. பஞ்ச கல்யாணி என்று சொல்லி விற்கும் குதிரையில் நான்கு காலும் வெள்ளையாக இருப்பதால் குளம்பை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது.

மூன்றாவது, கண்ணின் வெள்ளைவிழி. சாதாரணக் குதிரை நேரே பார்க்கும்போது அது அவ்வளவாக வெளியே தெரியாது. எல்பி குதிரையில் மனிதக் கண்போல் வெள்ளை வளையம் தெரியும். முகம் வெளுத்த குதிரைகளிலும் இது உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். தோல், குளம்பு, கண் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னொன்று. எல்பி உள்ள குதிரையும் வயதோடு வெளுக்கலாம். “அண்ணாச்சி, இது பொறக்கும்போ கறுப்பாட்டுதான் இருந்துது, இப்ப பாருங்க, வெளுத்துக்கிட்டே வருது” என்று யாராவது சொன்னால் உடனே சாம்பல் மரபணு என்று முடிவுகட்ட வேண்டாம். சாம்பல் குதிரைக்கு முகம் சீக்கிரமே வெளுத்துவிடும். எல்பி வழியில் வெளுக்கும் குதிரையில் எலும்பு புடைத்த இடங்கள், அதாவது மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, இடுப்பு முனை, முழங்கால் ஆகியவை மட்டும் கறுத்தே நிற்கும். முகத்தில் கரிய ‘V’ போலத் தெரியும் அந்த நிழலே அடையாளம்.

படி 3: எல்பி எத்தனை என்று எண்ணுங்கள்

ஒவ்வொரு குதிரையிலும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும்: ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஆகவே எல்பி இல்லாதது, ஒற்றை எல்பி, இரட்டை எல்பி என்று மூன்றே நிலைதான்.

எல்பி என்பது குதிரையின் முதலாம் குரோமோசோமில் உள்ள டிஆர்பிஎம்1 என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றம். அந்த மரபணுவின் நடுவே 1,378 எழுத்து (டிஎன்ஏவின் அலகு) நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு செருகிக்கொண்டது. அது பழங்கால ரெட்ரோவைரஸின், அதாவது தன் மரபுச் செய்தியை மற்ற உயிரின் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும் வைரஸின், மிச்சம். இந்தச் செருகலை 2013-இல் குதிரை மரபியல் ஆய்வாளர் ரெபெக்கா பெல்லோனும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். துண்டு குறுக்கே நிற்பதால் மரபணுவின் செய்தி முழுமையாக எழுதப்படாமல் பாதியில் நின்றுபோகிறது.

டிஆர்பிஎம்1 வேலை செய்யும் இடம் இரண்டு. ஒன்று, தோலில் நிறமியைத் தயாரிக்கும் செல்கள். மற்றது, விழித்திரையில் மங்கிய ஒளியின் சமிக்ஞையை மேலே கடத்தும் இருமுனை நரம்புச் செல்கள். புள்ளியும் மாலைக்கண்ணும் ஒன்றாக வருவதற்கு இதுதான் காரணம். ஒற்றை எல்பியில் மற்றொரு நல்ல பிரதி கண்ணைக் காப்பாற்றிவிடுகிறது. இரட்டை எல்பியில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அந்தக் குதிரைக்குப் பிறந்த நாள் முதலே இருட்டில் பார்வை இல்லை. வயதோடு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மனிதரில் வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வருவதை வைத்து, கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்தால் சரியாகும் என்று சிலர் நம்புகிறார்கள். இது அந்த நோய் அல்ல. தீவனமோ மருந்தோ இதை மாற்றாது.

கண்ணால் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று ஓரளவு ஊகிக்கலாம். வெள்ளைத் தளத்தில் புள்ளிகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் ஒற்றை. தளம் வெளுத்து, புள்ளியே இல்லாமலோ விரல்விட்டு எண்ணும் அளவிலோ இருந்தால் இரட்டை என்று சந்தேகிக்கலாம். உடல் முழுதும் வெளுத்தால் ‘ஃபியூ ஸ்பாட்’ என்றும், புட்டத்தில் மட்டும் வெள்ளை போர்த்தினால் ‘ஸ்னோகேப்’ என்றும் சொல்வார்கள். புள்ளி அதிகமாக உள்ள குதிரையில் மரபணு அதிகம் என்று நினைப்பது இயல்பு, நிலைமை நேர்மாறு.

படி 4: வெள்ளை எவ்வளவு பரவும்? பேட்டன்-1

எல்பி மட்டும் இருந்தால் வெள்ளை பெரிதாகப் பரவாது. புட்டத்தில் ஒரு கை அகலம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். உடம்பு முழுக்க வெள்ளை விரிந்து அதில் புள்ளி தெறிக்க வேண்டுமானால் இன்னொரு மரபணு வடிவம் வேண்டும். அது மூன்றாம் குரோமோசோமில், ஆர்எஃப்டபிள்யூடி3 என்ற மரபணுவில் இருக்கிறது. பேட்டன்-1 என்று பெயர். 2016-இல் கண்டறியப்பட்டது. இதில் ஒரு பிரதி இருந்தாலே போதும், எல்பியோடு சேரும்போது பிறக்கும்போதே உடம்பில் பெரும்பகுதி வெளுத்துவிடும்.

ஆனால் எல்பி இல்லாத குதிரையில் பேட்டன்-1 இரண்டு பிரதி இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. திரி இல்லாத விளக்கில் எண்ணெய் நிரம்பியிருப்பதுபோல் அது சும்மா கிடக்கும். ஒரே நிறத்தில் இருக்கும் கறுப்புக் குதிரையிடமிருந்து திடீரென்று முழுப்புள்ளிக் குட்டி பிறப்பதற்கு இதுதான் காரணம்: எல்பி தாயிடமிருந்தும் பேட்டன்-1 தகப்பனிடமிருந்தும் வந்திருக்கும். அந்த நேரத்தில் தாய்க்குதிரை வேறெங்கோ சேர்ந்துவிட்டது என்று சண்டை போட வேண்டியதில்லை.

மனதில் வைக்க ஒரே வரி: வெள்ளையின் பரப்பைத் தீர்மானிப்பது பேட்டன்-1, அந்த வெள்ளைக்குள் புள்ளி மிஞ்சுமா என்பதைத் தீர்மானிப்பது எல்பியின் எண்ணிக்கை. புள்ளியின் நிறம் குதிரையின் அடிப்படை நிறமே. கறுப்புக்குக் கரும்புள்ளி, செவலைக்குச் செம்புள்ளி.

இந்த நிறம் மனிதர் உண்டாக்கியது என்று நினைக்க வேண்டாம். தென் பிரான்சின் பேஷ் மெர்ல் குகைச் சுவரில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் புள்ளிக் குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். கற்பனையாக இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். 2011-இல் பழைய எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது பனியுகக் குதிரைகளிலேயே எல்பி இருந்தது தெரிந்தது. வரைந்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம் உண்டு.

படி 5: எந்தக் குதிரையோடு எதைச் சேர்ப்பது

இப்போது கணக்கு.

ஒற்றை எல்பி பெண் குதிரையை எல்பி இல்லாத ஆண் குதிரையோடு சேர்த்தால் குட்டிக்கு எல்பி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாலைக்கண்ணுக்கு வாய்ப்பே இல்லை.

ஒற்றையை ஒற்றையோடு சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு இரட்டை, இரண்டு பங்கு ஒற்றை, ஒரு பங்கு எல்பி இல்லாதது. எல்பி வரும் வாய்ப்பு 75 சதவீதமாக உயர்வதைப் பார்த்து ஆசைப்படுவார்கள். அதில் 25 சதவீதம் இருட்டில் கண் தெரியாத குட்டி. நம் கடற்கரை வேலைக்கு இந்தச் சேர்க்கையை நான் சொல்லவே மாட்டேன்.

இரட்டையை எல்பி இல்லாததோடு சேர்த்தால் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் ஒற்றை. எல்லாவற்றுக்கும் எல்பி உண்டு, ஒன்றுக்கும் மாலைக்கண் இல்லை. ஏற்கெனவே ஒரு இரட்டைக் குதிரையை வைத்திருப்பவருக்கு இதுதான் சரியான வழி: அதை இருட்டில் சவாரிக்கும் சாரட்டுக்கும் அனுப்பாமல் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேட்டன்-1 வேறு குரோமோசோமில் இருப்பதால் அதன் வாய்ப்பைத் தனியாகக் கண்டு பெருக்க வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு: பெண் குதிரைக்கு எல்பி ஒன்று, பேட்டன்-1 ஒன்று. ஆண் குதிரைக்கு எல்பி இல்லை, பேட்டன்-1 ஒன்று மறைந்திருக்கிறது. எல்பி வர 1/2. பேட்டன்-1 குறைந்தது ஒன்றாவது வர 3/4. பெருக்கினால் 3/8. அதாவது எட்டுக்கு மூன்று வாய்ப்பில் முழுப்புள்ளிக் குட்டி. ஒவ்வொரு சினைக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும்; போன முறை வராததால் இந்த முறை வந்தே தீரும் என்பது கிடையாது. குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். ஆகவே கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

படி 6: கணக்கைக் கெடுக்கும் மற்ற மரபணுக்கள்

நம் ஊரில் திருவிழாக் குதிரை என்றாலே வெள்ளைதான் கண்ணில் வரும். சாமிதோப்பில் கலிவேட்டைக்கு அய்யா வைகுண்டர் வருவது வெள்ளைக் குதிரை வாகனத்தில். மகாதானபுரம் பரிவேட்டைக்கு பகவதி அம்மன் எழுந்தருள்வது வெள்ளிக் குதிரையில். வெள்ளைக் குதிரைக்கு இங்கே மதிப்பு அதிகம். அதனால் புள்ளிப் பெண் குதிரைக்கு ஒரு வெள்ளை ஆண் குதிரையைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வெள்ளை, சாம்பல் மரபணுவால் வந்ததாக இருந்து, அது குட்டிக்கும் இறங்கினால் புள்ளி போயிற்று. சாம்பல் மரபணு எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவில் 4,600 எழுத்துகள் இரட்டித்ததால் வருவது. ஒரு பிரதி போதும். குட்டி எந்த நிறத்தில் பிறந்தாலும் சில ஆண்டுகளில் முழுக்க வெளுத்து, புள்ளியும் மறைந்துபோகும். தோல் மட்டும் கறுத்தே இருக்கும். பிறந்த குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை ரோமம் கண்ணாடி போட்டதுபோல் வளையமிட்டால் சாம்பல் வந்துவிட்டது என்று அர்த்தம். சாம்பல் குதிரைகளுக்கு வயதான பின் வாலடியிலும் மலவாயைச் சுற்றியும் கருங்கட்டிகள் வருவதும் சகஜம்.

திட்டு நிறங்களில் டோபியானோவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கிட் மரபணுவுக்கு அருகே குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியதால் வருவது அது. இரட்டையாக வந்தாலும் உடலுக்குக் கேடில்லை. ‘ஸ்பிளாஷ்டு ஒயிட்’ வகையில் சில குதிரைகளுக்குக் காது கேட்காது.

பயப்பட வேண்டியது ‘ஃபிரேம் ஓவரோ’. அமெரிக்க ரத்தம் கலந்த குதிரைகளில் காணப்படுவது. இடிஎன்ஆர்பி மரபணுவில் அடுத்தடுத்த இரண்டே எழுத்து மாறியதால் வருகிறது, 1998-இல் கண்டறியப்பட்டது. ஒற்றையாக இருந்தால் குதிரைக்குக் கேடில்லை. இரட்டையாக வந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். அதன் குடலில் நரம்பு முடிச்சுகள் உருவாகியிருக்காது. சாணம் வெளியேற வழியின்றி வயிற்றுவலியில் துடித்துச் சில நாட்களில் இறந்துவிடும். சிகிச்சை இல்லை. இரண்டு ஃபிரேம் குதிரைகளை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சில குதிரைகளில் ஃபிரேம் இருந்தும் வெள்ளை வெளியே தெரியாது என்பதால், அமெரிக்க வழி என்று சொல்லி விற்கும் குதிரையைச் சோதனை இல்லாமல் சினைக்கு விட வேண்டாம்.

படி 7: ரோமச் சோதனை

ரத்தம் எடுக்கத் தேவையில்லை. பிடரியிலோ வாலிலோ 20 முதல் 30 ரோமங்களை விரலில் சுற்றி, வேரோடு வருமாறு சுண்டி இழுக்க வேண்டும். கத்தரித்தால் பயனில்லை; டிஎன்ஏ வேர்க்குமிழில்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நுனியில் வெள்ளைக் குமிழ் தெரிய வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் அதிகம். நனைந்த குதிரையிடமிருந்து ரோமம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகித உறையே நல்லது. ஒரு குதிரைக்கு ஒரு உறை, மேலே பெயரும் தேதியும். தாயும் குட்டியும் ஒரே கொட்டகையில் நின்றால் தாயின் ரோமம் குட்டியின் மேல் ஒட்டியிருக்கும், அதைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

எல்பி, பேட்டன்-1, ஃபிரேம், சாம்பல் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள கால்நடை மரபியல் ஆய்வகம் இவற்றைச் செய்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வசதியில்லை என்றால் எல்பியை முதலில் செய்யுங்கள். அமெரிக்க வழி என்றால் ஃபிரேமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டன்-1 அழகுக்கான கணக்கு, அது காத்திருக்கலாம்.

படி 8: கண்ணைப் பார்த்துக்கொள்வது

இரட்டை எல்பி என்று தெரிந்துவிட்ட குதிரையைக் கைவிட வேண்டியதில்லை. பகல் வேலைக்கு அது நன்றாகவே உதவும். பொழுது சாயுமுன் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரவு முழுக்க ஒரு விளக்கு எரியட்டும். தண்ணீர்த்தொட்டியை இடம் மாற்றாதீர்கள். வேலியில் முள்கம்பி வேண்டாம். அருகில் போகுமுன் குரல் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். திடீரென்று தொட்டால் உதைப்பது அதன் தப்பில்லை. வேட்டும் ஜெனரேட்டர் விளக்கின் பளிச்சிடலும் உள்ள ஊர்வலத்துக்கு அதை அனுப்புவது, குதிரைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபத்து. விற்கும்போது வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

எல்பி உள்ள குதிரைகளுக்கு இன்னொரு கண்நோயும் வரும் வாய்ப்பு கூடுதல்: திரும்பத் திரும்ப வரும் உட்கண் அழற்சி. ஒற்றை எல்பிக்கும் இது பொருந்தும், இரட்டைக்கு இன்னும் அதிகம். கண்ணில் நீர் வடிவது, வெயிலில் இமையை இறுக்குவது, கண்மணி சுருங்கியே இருப்பது, கண் நீலம் பாரித்துக் கலங்குவது ஆகியவை அறிகுறிகள். ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் கொஞ்சம் பார்வையைத் தின்றுவிட்டுப் போகும், கடைசியில் முழுக் குருடு. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு இந்த நோயில் பெரும் பங்கு உண்டு. நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் கட்டி மேய்ப்பவர்கள் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாமலும் தீவன அறையில் எலி சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் கலங்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்கு நமக்கு அருகில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுக் கண்மருந்தை ஊற்ற வேண்டாம்.

இமையும் மூக்கும் சிவந்த தோலாக இருந்தால் நம் கடற்கரை வெயிலில் பொசுங்கும். அந்த இடங்களில் தோல் புற்று வரும் வாய்ப்பும் உண்டு. உச்சி வெயிலில் நிழல் வேண்டும். ஆறாத புண் இருந்தால் காட்டிவிட வேண்டும்.

படி 9: குட்டி பிறந்த அன்று

வெள்ளைக் குட்டி பிறந்தால் பதற வேண்டாம், முதலில் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் எல்பி இருந்தால் அது ஃபியூ ஸ்பாட் குட்டியாக இருக்கலாம். குளம்பில் கோடு தேடுங்கள். பால் குடித்து, முதல் கருஞ்சாணத்தைப் போட்டுவிட்டால் நிம்மதி. இரண்டு பக்கமும் ஃபிரேம் இருக்க வாய்ப்பிருந்து, சாணம் போடாமல் வயிற்றை உதைத்துக்கொண்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

பிறந்த அன்றே இரண்டு பக்கமும், முகமும், நான்கு குளம்பும் தெரிய ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பால்குடி மறக்கும்போதும், முதல் ரோமம் உதிர்ந்த பின்னும், ஒவ்வொரு ஆண்டும் அதே பக்கத்திலிருந்து எடுங்கள். எல்பி குட்டி வளர வளர நிறம் மாறும். பிறப்பில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படம் ஒன்றே ஆதாரம். ரோமச் சோதனை முடிவு வரும்வரை குட்டியை அந்தி வேலைக்குப் பழக்க வேண்டாம். ஒற்றை என்று வந்தால் இரண்டு வயதில் கடற்கரை மணலில் மெல்ல நடத்திப் பழக்கத் தொடங்கலாம். ஆள் ஏற்றுவது எலும்பு முற்றிய பிறகு.